இருப்பில் ஒன்று மட்டுமே

சத்தம் நின்றுவிட்டது.

அவள் குனிந்து, கையிலிருந்த காளான் வளர்ப்புப் புத்தகத்தை அலமாரியின் அடிக்கட்டத்தில் செருகினாள். நிமிரும்போது தொப்பியின் பட்டை காதில் மாட்டி இழுத்தது. இடது காதிலிருந்த செவிக்கருவி தெறித்தது. பட்டாணி அளவுதான் இருக்கும். புத்தகத்துக்குப் பின்னால் அது உருண்டு போனதைக் கண்ணால் பார்த்தாள்.

கையை நீட்டுவதற்குள் அலமாரி நகர்ந்துவிட்டது.

அலமாரிகள் நடக்கும் கிடங்கு அது. ஆமைபோல ஒரு வண்டி அடியில் புகுந்து தூக்கிக்கொண்டு போய்விடும். வேலிக்கு அப்பால் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. உள்ளே மனிதர் போகக் கூடாது.

இப்போது அவை ஓசையே இல்லாமல் போயின, வந்தன. தண்ணீருக்கடியில் ஒரு ஊர் நடமாடுவது போலிருந்தது.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வெறும் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

யாரிடமும் சொல்ல முடியாது. வேலையில் சேரும்போது 'செவித்திறனில் குறை இல்லை' என்ற இடத்தில் டிக் போட்டவள் அவள். வலது காது பிறவியிலேயே செவிடு. இடதுக்கு அந்தப் பட்டாணிதான் கதி. விஷயம் வெளியே வந்தால் வேலை போகும். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம்.

அடுத்த அலமாரி வந்து நின்றது. குக்கர் ஒன்றை வைத்தாள். பக்கத்தில் பொம்மை யானை, அதன் பக்கத்தில் மூட்டுவலித் தைலம். எதற்கும் தனி இடம் கிடையாது. காலி இருக்கும் இடத்தில் வைக்க வேண்டியது, அதன் பார்கோடை ஸ்கேனரிடம் காட்ட வேண்டியது. எது எங்கே என்று கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும்.

காலி இடத்தைச் சும்மா விடாத கம்பெனி. முதல் நாள் பயிற்சியில் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். புத்தகம் மட்டும் விற்ற கடையாம். பிறகு சோப்பிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை வந்ததாம். தீபாவளிக் கூட்டத்துக்காக வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர்கள் மற்ற நாளில் தூங்குகிறதே என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாடகைக்கு விட்டார்களாம். இப்போது அதில்தான் லாபமே, கடை சும்மா பெயருக்கு என்றார் பயிற்சி கொடுத்தவர். வாடகைக்கு விடாதது நம்மை மட்டும்தான் போல என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னொன்றும் சொன்னார். இங்கே பொருளைத் தேடிக்கொண்டு யாரும் போக வேண்டாம். யாராவது கேட்டால் போதும், அலமாரி தானே வந்து நிற்கும்.

யாராவது கேட்டால்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வரும் என்பார்கள். அவளுக்கு அந்த யோசனை அப்படித்தான் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் அமுலு. அலமாரியிலிருந்து பொருள் எடுத்துக் கொடுக்கும் பிரிவில் இருப்பவள். வாய் ஓயாமல் ஏதோ சொன்னாள். உதட்டைப் பார்த்து இவள் தலையாட்டினாள். அமுலு சிரித்தபோது இவளும் சிரித்தாள். ஒருமுறை சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டாள் போல. அமுலு ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு எலுமிச்சைச் சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.

சாப்பிட்டு முடித்ததும் இவள் லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். காளான் வளர்ப்பு பற்றிய அந்த மெல்லிய புத்தகத்தைத் தேடினாள்.

இருப்பில் ஒன்று மட்டுமே.

ஊரில் ஒருவரும் காளான் வளர்க்க நினைக்காததற்கு நன்றி சொல்லிக்கொண்டாள். தன் வீட்டு முகவரி போட்டு, வாங்கு என்பதை அழுத்தினாள்.

எங்கோ ஒரு அலமாரி எழுந்து புறப்பட்டிருக்கும்.

புத்தகத்தை எடுக்கும் கை, பின்னால் கிடப்பதையும் பார்க்கும். பார்கோடு ஒட்டாத, ஊர் பேர் தெரியாத பொருள் எதுவானாலும் மஞ்சள் பெட்டியில் போட வேண்டும். ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் அதைத் திறப்பார். அவருக்கு முன்னால் அவள் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

மத்தியானம் முழுக்க அந்தத் தண்ணீருக்குள்ளேயே இருந்தாள். அலமாரிகள் வந்தன. வைத்தாள். போயின.

மணி ஐந்து. முதல் ஆளாய்ப் பெட்டியருகே ஓடினாள்.

ஒற்றைச் சாக்ஸ். பிய்ந்த ஷாம்பு பாக்கெட். ஒரு ஸ்பூன்.

வேறொன்றும் இல்லை. கையை விட்டுத் துழாவினாள். நிமிர்ந்தபோது சூப்பர்வைசர் எதிரில் நின்றார். அவர் வாய் அசைந்தது. என்ன வேண்டும் என்றாரா, என்ன தொலைத்தாய் என்றாரா, தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள்.

முடிந்தது என்று நினைத்தாள். மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

கம்பெனி பஸ்ஸில் எப்போதும்போல வலது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அமுலு வந்தாள். எப்போதும்போல அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். மூடியிருந்த கையை மடியில் வைத்துத் திறந்தாள்.

பட்டாணி.

அவள் எடுத்துக் காதில் பொருத்தினாள். முதலில் பஸ் இரைந்தது. பிறகு அமுலுவின் குரல், பக்கத்தில், மெதுவாக.

"மஞ்சப் பெட்டியில கெடந்துச்சு, பாத்ததும் எடுத்து வச்சுட்டேன். மூணு வருஷமா இந்தப் பக்கமாவே உக்காந்து பேசுறேன். தெரியாமலாக்கா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அமுலு பொருட்படுத்தவில்லை. மத்தியானம் சொன்ன கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.