மாற்றுக் கட்சி அண்ணன்

நோட்டீஸில் கோதண்டம் சிரித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் சௌந்தரவல்லி. எதிர்க்கட்சியின் மக்களவை வேட்பாளர்.

படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருந்தது: 'கட்சி பார்க்காமல் உழைத்தவர் நம் சௌந்தரவல்லி. ரயில்வே சுரங்கப்பாதைக்காக அவரோடு தோளோடு தோள் நின்றவர், அன்றைய மாற்றுக் கட்சி அண்ணன் கோதண்டம்.'

அண்ணனாம்.

கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அந்த முன்னாள் கவுன்சிலருக்கு வயிறு எரிந்தது. நோட்டீஸை நாலாவது முறையாக மடித்தான். உடனே பிரித்தான்.

நாலு மணிக்கு இதே மண்டபத்தில், வணிகர் சங்கத்தின் ஏற்பாட்டில், வேட்பாளர்களின் நேருக்கு நேர் விவாதம். அதற்கு அரை மணி நேரம் முன்னால் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, இந்த நோட்டீஸைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும். அந்த வேலை அவனுடையது.

"நீதான்யா அப்போ அந்த வார்டு கவுன்சிலர். நம்ம ஆளுங்க யாரோடவும் சேர்ந்து அந்தம்மா ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடலன்னு நீ சொன்னாத்தான் எடுபடும்" என்று மாவட்டச் செயலாளர் சொல்லியிருந்தார். கட்சியில் அவரை 'மாவட்டம்' என்றுதான் சொல்வார்கள். "சொல்லிட்டு வா. நகரச் செயலாளர் பதவி உனக்குத்தான்."

இருபத்திரண்டு வருடமாக அவன் காத்திருக்கும் பதவி.

சொல்வதில் பாதி உண்மையும்கூட. கோதண்டம் அன்று இவர்கள் கட்சி. போன வருடம் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டு அவள் கட்சிக்குப் போய்விட்டான். ரயில்வே அலுவலக வாசலை அவன் மிதித்ததே இல்லை. திறப்பு விழாவில் படமெடுக்கிற நேரத்துக்குச் சரியாக முளைத்து வந்து நின்றான், அவ்வளவுதான்.

பதினோரு முறை அங்கே அவளோடு அலைந்தது இந்த முன்னாள் கவுன்சிலர்.

அது கட்சிக்குத் தெரியாது.

அப்போது அவள் நகராட்சித் தலைவி. அவன் வார்டுப் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் எதிர்க்கட்சிக்காரியோடு நின்று இரண்டு வார்த்தை பேசினால் மறுநாளே சென்னைக்குப் புகார் பறக்கும்.

கேள்வி கேட்பாரில்லாமல் பேச ஒரே இடம், துக்க வீடு.

அங்கே மட்டும் யாரும் கட்சி பார்ப்பதில்லை. மாலையைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் அடுத்தடுத்து உட்கார்ந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ரயில்வேக்கு எழுத வேண்டிய மனுவை வரி வரியாகப் பேசுவார்கள். பிறகு ஒரு நாள் நகராட்சி ஜீப்பை விட்டுவிட்டு அவள் பஸ்ஸில் முன்வாசலில் ஏறுவாள். அவன் பின்வாசல். இறங்கி ஆளுக்கொரு பக்கம் நடந்து, அலுவலக வராந்தாவில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள்.

ஊரில் யாராவது செத்தால் அவனுக்கு லேசாகச் சந்தோஷம்கூட வந்தது. அதை வெளியில் சொல்ல முடியுமா?

காதலாவது கத்தரிக்காயாவது, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. மனுவை வாசித்துவிட்டு, "இந்த வரி நல்லா வந்திருக்குண்ணே" என்பாள். வீட்டில்கூட யாரும் அவனிடம் எதையும் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது அந்த அண்ணன், கோதண்டம்.

வாசலில் பட்டாசு. அவள் வந்துவிட்டாள். பின்னாலேயே சால்வையும் கையுமாகக் கோதண்டம்.

பந்திக்கூடத்தைத் தாண்டித்தான் மேடைக்குப் போக வேண்டும். அவனைக் கடக்கும்போது அவள் நடையைக் குறைக்கவில்லை. முகத்தைத் திருப்பவுமில்லை.

"உங்க பேரைப் போடாதது உங்க நல்லதுக்குத்தாண்ணே."

இது துக்க வீடு இல்லை. நின்று பேச முடியாது. போய்விட்டாள்.

அவள் சொன்னது நியாயம். பெயர் வந்திருந்தால் இந்நேரம் அவன் கட்சியிலேயே இருக்க மாட்டான். அது அவனுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. நல்லதுக்காகப் பேரை விட்டவள் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கலாமே? போயும் போயும் கோதண்டத்தையா உட்கார வைப்பது?

மூன்றரை.

மைக்கை அவன் கையில் கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் மாவட்டம். எதிரில் பத்துப் பன்னிரண்டு நிருபர்கள். கதவோரம், வேவு பார்க்க வந்தவன்போல், கோதண்டம்.

"நோட்டீஸ்ல போட்டிருக்கிறது பொய்" என்று அவன் ஆரம்பித்தான். "கோதண்டம் ரயில்வே ஆபீஸ் பக்கம் ஒரு நாள்கூடப் போனதில்ல. மனுவுல ஒரு எழுத்து அவர் எழுதினதில்ல."

மாவட்டம் தலையாட்டினார்.

எங்கள் கட்சியில் யாருமே போகவில்லை என்று இன்னும் ஒரு வரி சொல்ல வேண்டும். அதோடு முடிந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் நிருபர் கையைத் தூக்கினாள். "அவர் போகலன்னு அவ்வளவு உறுதியா எப்படி சார் சொல்றீங்க?"

கதவோரம் கோதண்டம் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நாந்தானே போனேன்" என்றான் முன்னாள் கவுன்சிலர். "பதினோரு தடவை. மனு முழுக்க என் கையெழுத்து. அந்தம்மாவும் நானும் சேர்ந்து உக்காந்து எழுதினது."

மாவட்டத்தின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

"அப்போ அவங்க கட்சி பார்க்காம வேலை செஞ்சது உண்மைதானா சார்?"

"உண்மைதான்."

நிருபர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தார்கள்.

"உங்க பேரை ஒரு தடவை சொல்லுங்க சார். தப்பில்லாமப் போட்டுடறேன்" என்றாள் அந்தப் பெண்.

மாவட்டத்தின் கை மைக்கைப் பிடுங்க நீண்டது.

அவன் மைக்கைக் கொஞ்சம் எட்டப் பிடித்துக்கொண்டு, இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாகத் தன் பெயரைச் சொன்னான்.