சாத்தூர்க்காரன்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் இட்லிக் கடை வைத்திருந்த பெத்துராஜை கிரெடிட் கார்டு கடன் கழுத்தை நெரித்தது. போனை எடுத்தாலே பேங்க் ஆட்களின் வசவு, இந்தியிலும் வங்காளியிலும். அந்த நேரத்தில்தான் தனபால் வந்தான்.

"நானும் சாத்தூர்தான் அண்ணாச்சி. பேங்க்ல பேசிக் கடனைப் பாதியாக்கிடுறேன். நீங்க மட்டும் அவங்ககிட்ட வாயைத் திறக்காதீங்க."

ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததுமே பெத்துராஜ் முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

இன்று மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு தோசையைப் பிட்ட தனபால், வாசலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, அந்த நீலச் சட்டை பேங்க் அனுப்பின அடியாள். பேச விட்டீங்க, தொலைஞ்சோம்."

நீலச் சட்டைக்காரன் வாயெடுப்பதற்குள் பெத்துராஜ் சூடான தோசைக்கரண்டியால் அவன் முகத்தில் இழுத்தார். விழுந்தவனின் விலாவில் மிதித்தார். இத்தனை மாதம் வாங்கிய வசவெல்லாம் காலில் இறங்கியது. பல் ஒன்று தெறித்து சாம்பார் வாளியில் பட்டது.

"பேங்க்ல போய்ச் சொல்லுடா" என்றார் இந்தியில்.

"நான் பேங்க் இல்லை, தாதா." அண்ணன் என்கிற அந்த வங்காளச் சொல்லோடு ரத்தத்தையும் துப்பினான். "பாலிகஞ்ச்ல துணிக்கடை வெச்சிருக்கேன். என் கார்டு கடனைத் தீர்க்கிறேன்னு அவன் என்கிட்டயும் பணம் வாங்கினான். பிடிங்க அவனை."

பெத்துராஜ் திரும்பினார். இலையில் பாதித் தோசை இருந்தது. பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

"அவனைப் போய் எப்படி நம்பினே?"

நீலச் சட்டைக்காரன் கிழிந்த உதட்டைத் துடைத்தான்.

"தானும் பர்த்வான்காரன்னு சொன்னான், தாதா. பேச்சும் அப்படியே எங்க ஊர்ப் பேச்சு."