கூட்டத்தோடு வந்தவள்

"சிரிச்சுப் பேசணும். 'உங்க குழந்தைக்கு ஊசி போட்டாச்சா'ன்னு நீங்களா கேக்கணும். டாக்டர் பேச்சைவிட உங்க பேச்சுதான் எடுபடும்."

கிளினிக்கில் சீட்டு கொடுக்கும் அக்கா, ஆயா, காவல்காரர் எல்லோருக்கும் தலைமை அலுவலகத்து மேடம் நேற்று முழுக்க இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். பாடம் மண்டையில் ஏறியதா என்று பார்க்க, இன்று கவுன்ட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

காலையிலிருந்து சிரித்துச் சிரித்து அக்காவுக்கு வாய் வலித்தது.

அப்போதுதான் அந்தக் கூட்டம் நுழைந்தது. முன்னால் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் அழுகையும் சிணுங்கலுமாகப் பிள்ளைகள், முணுமுணுத்தபடி அவர்களுடைய அம்மாக்கள்.

"எல்லாருக்கும் தட்டம்மை ஊசி போடணுங்க" என்றாள் முன்னால் வந்தவள்.

"எல்லாரும் ஒண்ணா வந்து நின்னா எப்படிம்மா? இதென்ன சந்தையா?" அக்காவின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"நாங்க எங்க வந்தோம்? இவதான் வேலைக்குக்கூடப் போக விடாம வாசல்ல உக்காந்து உயிரை எடுத்தா" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

அக்கா மேடத்தின் காதைக் கடித்தாள். "கமிஷனுக்கு ஆள் பிடிக்கிறா போலிருக்கு மேடம். இல்லாட்டி அடுத்தவ பிள்ளை மேல இவளுக்கென்ன இவ்வளவு அக்கறை?"

மேடத்துக்கும் சந்தேகம் தட்டியது. "ஏம்மா, ஆள் சேத்துட்டு வரச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

"ஆமாங்க. இந்த அக்காதான்."

"நானா?" பதறிப்போனாள் அக்கா. "உன்னை நான் பார்த்ததே இல்லையே!"

"போன தடவை மூத்தவனை மட்டும் தூக்கிட்டு வந்தேன்க்கா. ஒத்தைப் பிள்ளைக்காகப் பாட்டிலை உடைச்சா மிச்ச மருந்து வீணாயிடும், நிறைய பிள்ளைங்க சேர்ந்ததும் வான்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

அக்கா மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"சேர்றதுக்குள்ள அம்மை வந்து அவனை வாரிக்கிட்டுப் போயிடுச்சு."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். மருந்தை வீணாக்கினால் விளக்கம் கேட்பேன் என்று எல்லா கிளினிக்குக்கும் உத்தரவு போட்ட புண்ணியவதி அவர்தான்.

அவள் கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு, பின்னால் திரும்பி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"இன்னைக்கு இவளுக்குப் போட்டுடுவீங்களாக்கா? இவ்வளவு பேர் போதுமா?"