காதில் விழுந்த போமோ

நிச்சயம் பேச அன்று தம்போயில் பெண் வீட்டில் கூடியவர்கள் ஐந்து பேர்: அய்யாவு, அவர் மனைவி தனலெட்சுமி, மகன் காளிதாஸ், பெண்ணைப் பெற்ற கமலநாதன், பெண் யோகேஸ்வரி.

தேநீர் எடுக்கப் போன யோகேஸ்வரி சமையலறையில் தோழியிடம் போனில் பேசிச் சிரித்தாள். அய்யாவு காதில் விழுந்தது ஒன்றுதான்: "சரியான போமோ லா!"

அவர் விருட்டென்று எழுந்தார்.

"கிளம்பு, தனம். இந்தச் சம்பந்தம் வேணாம்."

"என்னங்க ஆச்சு?" கமலநாதன் பதறினார்.

"உங்க மக எங்கள போமோங்கிறா! செய்வினை வைக்கிற மந்திரவாதிக் குடும்பமா எங்களுது?"

யோகேஸ்வரி ஓடி வந்தாள். "ஐயோ அங்கிள், போமோ இல்ல, பூமர்! பழைய காலத்து ஆளுங்கள அப்படிச் சொல்வாங்க."

"என்னையா சொன்னே?"

"உங்கள இல்ல, உங்க மகன! இருபத்தெட்டு வயசுல தினம் காலைல ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய காலை வணக்கம்'னு அனுப்புறாரு. எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு."

காளிதாஸ் தலைகுனிந்தான். அய்யாவு அவனை முறைத்தார்.

"டேய், அதெல்லாம் நான் உனக்கு அனுப்புற படமாச்சே!"

தை மாதம் கல்யாணம். அய்யாவு குடும்பத்தில் ஒரு போமோ இருப்பதாகச் சிகாமட் வரை பரவியிருக்கும் பேச்சு தவறு. போமோ யாருமில்லை. பூமர்தான், இரண்டு பேர்.