கையுறை போடாத விரல்

டாக்டரம்மா கையுறை போடாமல் கோமளாவின் முழங்காலுக்குக் கீழே சிவந்து புடைத்திருந்த கட்டியை அழுத்திப் பார்த்தார். "வலிக்குதாம்மா?"

வறட்டு இருமல் தொடங்கி ஏழு மாதம். காசநோயாக இருக்கும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை. அதன்பிறகு அவள்மேல் எவர் கையும் பட்டதில்லை. இப்போது உயிர் போகிற மாதிரி வலித்தது. சொன்னால் விரலை எடுத்துவிடுவார்.

"இல்ல டாக்டர்."

"சார்காய்டோசிஸ்ல இந்தக் கட்டி தொட்டாலே வலிக்குமே!" அவர் அடுத்த கட்டியை அழுத்தினார். கோமளாவின் கண்ணில் நீர் கோத்தது. உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவோரம் கைக்குட்டையால் மூக்கை மூடி நின்ற அவள் கணவன் பக்கம் திரும்பினார்.

"சார், ரிப்போர்ட் வந்தாச்சு. இது டி.பி. இல்ல, சார்காய்டோசிஸ்னு வேற நோய், யாருக்கும் ஒட்டாது. வந்து இவங்க கையைப் பிடிச்சுக்கோங்க."

"அப்பாடா! நல்லவேளை டாக்டர்" என்று தியாகராஜன் சந்தோஷமாக இரண்டடி வந்தான். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "வண்டி ஓட்டிட்டு வந்த கை, ஒரே அழுக்கு. கழுவிட்டு வந்துடறேன் கோமு."

வராந்தாக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்ட பிறகும், கோமளா மேசை விளிம்பில் கையை விரித்து வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.