பொற்கொடியின் சார்ஜர்

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு எந்தக் கணினிமொழியைச் சொல்லித்தருவது என்று முடிவுசெய்ய, ஆசிரியர்கள் ஞானசெல்வனும் பொற்கொடியும் தாங்களே உருவாக்கிய மொழிகளை அருகருகே ஓடவிடப் போனார்கள். கல்லூரி கொடுத்த ஒரேமாதிரி மடிக்கணினிகள். பகா எண்களைத் தேடும் ஒரே கணக்கு. எது முதலில் முடிக்கிறது என்று பார்க்கத் துறைத்தலைவரும் மற்ற ஆசிரியர்களும் கூடியிருந்தார்கள். தொடங்கும் நேரத்தில் ஞானசெல்வனின் கணினியில் பேட்டரி சிவப்பாகிவிட்டது. சார்ஜரை வீட்டில் விட்டு வந்திருந்தான்.

"பாதியில அணைஞ்சா அத்தனை உழைப்பும் வீணாப்போயிடும் சார்," என்று பொற்கொடி தன் கணினியிலிருந்து சார்ஜரைப் பிடுங்கி அவனுடையதில் செருகினாள். சார்ஜர் இல்லாவிட்டால் இந்தக் கணினிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமலிருக்காது. அவன் நன்றி மட்டும் சொன்னான்.

அவன் மொழி முடித்துவிட்டது. அவளுடையது இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

"மேடம், டீ குடிச்சிட்டே வந்துடலாம் போலிருக்கே," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஞானசெல்வனால் மேசைமேல் கிடந்த கறுப்பு ஒயரை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ரெண்டும் ஒரே நிலைமையிலதானே ஓடுச்சு?" என்று கேட்டார் துறைத்தலைவர். சாதாரணமாகத்தான் கேட்டார். அவனுக்கு ஆண்டவனே கேட்டதுபோல் இருந்தது.

பொற்கொடி அவன் முகத்தைப் பார்க்க நேர்ந்துவிடக் கூடாதென்று குனிந்து, தன் திரையில் இல்லாத தூசியைச் சேலைத் தலைப்பால் மெல்லத் துடைக்கத் தொடங்கினாள்.

"இல்ல சார்," என்று ஞானசெல்வன் எழுந்து நின்றான்.