கவிதையில் பெய்த மழை

ஓர் இலக்கிய இதழ் அம்பலவாணரின் மறைந்த தந்தை பெயரில் வருடந்தோறும் கவிதைப் போட்டி நடத்துகிறது. அவர்தான் நிரந்தர நடுவர். பெயர் மறைத்து வந்திருந்த கவிதைகளை எச்சில் இலையை ஒதுக்குவதுபோல் விரல் நுனியால் தள்ளிக்கொண்டிருந்தார்.

“நிலாவைத் திங்கிறான், நட்சத்திரத்தைத் துப்புறான். இதெல்லாம் கவிதைன்னு தபால் தலை வேற ஒட்டி அனுப்புறானுங்க!”

சக நடுவரான பேராசிரியை எமிலி சிரித்தபடி ஒரு தாளை நகர்த்தினார். “இதைப் படிங்கய்யா. முதல் பரிசு இதுக்குத்தான்.”

கவிதையில், சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட மகள், அப்பாவின் சாவுக்கு வருகிறாள். அண்ணன் கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்கிறான். பாடை இந்த வழியாகத்தானே வரவேண்டும் என்று அவள் கொட்டும் மழையில் காத்து நிற்கிறாள். அண்ணனோ அதைக் கொல்லைப்புறமாகக் கொண்டுபோய்விடுகிறான்.

அம்பலவாணருக்குக் காது மடல் கொதித்தது. தாளை மேசையில் வீசினார்.

“குப்பை! வீட்டுச் சங்கதியைத் தெருவுல காயப்போட்டிருக்கா, மானங்கெட்டவ. எங்கப்பா பேர்ல இதுக்குப் பரிசா?”

“ஏன்யா? படிச்சப்ப அந்த மழையில நானே நனைஞ்ச மாதிரி இருந்துச்சு.”

“என்ன பெரிய மழை? அன்னைக்கு ஒரு சொட்டு விழல. உச்சி வெயில். ஒதுங்கி நிக்க நிழல்கூடக் கிடையாது. நாலு பேர் பரிதாபப்படணும்னு மழையைக் கொண்டாந்து ஊத்தியிருக்கா, பொய்க்காரி!”

எமிலியின் சிரிப்பு நின்றது. அவர் அந்தத் தாளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“அந்த வெயில்ல அவங்க எவ்வளவு நேரம் நின்னாங்க, ஐயா?”